பிள்ளைக்கு என்ன துடக்கு?

பணக்கார வீட்டுக்கு விசாரணைக்குப் போனால் முதலில் தேநீர் வரும். குடியுங்கள். கடமை நேரத்தில் ஒருவர் வீட்டிலும் எதுவும் வாங்கக்கூடாது என்று உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். படிப்பித்தவர்கள் விசாரித்த லட்சணம் எனக்குத் தெரியும். ஹோலில் மெத்தைக் கதிரையில் இருந்து முதலாளி சொல்வதை எழுதிக்கொண்டு, போகும்போது அவருக்கே கும்பிடு போட்டுவிட்டு வந்தவர்கள். நீங்கள் தேநீரை வாங்குங்கள். குடித்து முடித்ததும் கோப்பையைக் கழுவித் தருகிறேன் என்று எழும்பிக் குசினிக்குள் போங்கள். வீடு அங்கேதான் இருக்கிறது. ஹோலில் இருப்பது கதிரைகள் மட்டும்.

இதனால் என்னை நிலையத்தில் "குசினிப் பொலிஸ்" என்று பகிடி பண்ணினார்கள். நானும் பதிலுக்கு நல்லாகத் திட்டினேன். எனக்கு வாய் கூட. அதனால் பதவி உயர்வு இரண்டு தரம் பிந்தியது. அதைப் பற்றி இப்போது கவலை இல்லை. ஓய்வு பெற்றாகிவிட்டது.

புதிதாக வந்திருக்கும் தமிழ்ப் பெண் பொலிஸ் பிள்ளைகளுக்கு நாலு அனுபவம் எழுதித் தாருங்கள் அக்கா என்று கேட்டீர்கள். எனக்கு நாலு வராது. ஒன்று வரும். அந்த ஒன்றில் நான் நன்றி சொல்ல வேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள். நேரே நின்று நன்றி சொல்ல எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. அதனால் எழுதுகிறேன்.

வவுனியாவில் நெளுக்குளம் பக்கம் ஓர் அரிசி ஆலைக் குடும்பம். பெயர் வேண்டாம். பெரியவர் இளந்தாரியாக யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து, நெல்லு விதைத்து, ஆலை போட்டு ஆளானவர். என் தகப்பனும் அப்படி வந்தவர்தான். எங்களுக்கு ஆலை வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பெரியவரின் மனைவி செத்து வருடங்கள் ஆகின்றன. இரண்டு மகள்மார் கனடாவில். அவர் ஒரே மகனோடும் மருமகளோடும் ஒரு சின்னப் பேத்தியோடும் இருந்தார். ஆலையை மகன்தான் நடத்தினார். ஊரில் எல்லாரும் மகனைத்தான் முதலாளி என்பார்கள்.

ஒருநாள் முதலாளி நிலையத்துக்கு வந்தார். அப்பாவைக் காணவில்லை என்று முறைப்பாடு. காலையில் கனகராயன்குளத்தில் உள்ள தங்கள் தோட்டத்தைப் பார்க்க வானில் போனாராம். வான் திரும்பி வந்ததாம். அப்பா வரவில்லையாம். வானில் இருந்தது சாரதி ராசு மட்டும்தானாம்.

ராசு மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து கலவர காலத்தில் வந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவன். அந்த வீட்டு வானை வருடக்கணக்காக ஓட்டியவன். அவனைக் கூட்டிவந்து கேட்டோம்.

"பெரியவர மத்தியானம் வீட்டு கேட்டு வாசல்ல எறக்கி விட்டேங்க. அவரு உள்ள போனத நா பாத்தேன். வான சேவிசுக்குக் குடுக்கச் சொன்னாரு, குடுக்கப் போனேன். வேற ஒண்ணும் தெரியாதுங்க."

அவர் உள்ளே வரவே இல்லை என்று முதலாளி சொன்னார். மருமகளும் தலையை ஆட்டினாள். வானைத் தேடியபோது பெரியவரின் மூக்குக்கண்ணாடி பின் இருக்கைக்குக் கீழே கிடந்தது. போதாதா? ராசுவை நீதவான் விளக்கமறியல் சிறையில் வைத்தார்.

அன்று நிலைய வாசலில் நின்று முதலாளி சொன்னார்: "தோட்டக்காட்டுச் சனத்தை வீட்டு வாசல் மிதிக்க விட்டது எங்கட பிழை."

நான் அவருக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது. நிலையப் பொறுப்பதிகாரி என் பெயரைச் சொல்லிக் கத்தி என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்கள மனிதர். மாத்தறைப் பக்கம். தமிழ் படித்து வந்தவர் இல்லை, எங்களோடு மல்லுக்கட்டிப் பழகியவர். எனக்கு ஏசும்போது மட்டும் தமிழில் ஏசுவார். எனக்கு விளங்க வேண்டுமாம்.

"மிஸ், வாய் பூட்டு போடுங்க. அந்த ஆள் எங்க எல்லாம் போன் எடுக்கிறது தெரியுமா?"

"தெரியும் சேர். எடுக்கட்டும்."

"உங்களுக்கு எடுக்கட்டும். வாறது எனக்கு."

அடுத்த கிழமை நான் அந்த வீட்டுக்குப் போனேன். ஹோலில் பெரியவரின் படம் பெரிதாக்கி மேசையில் வைத்திருந்தது. மாலை போடவில்லை. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எங்கட அப்பாவும் இப்ப காணாமல் போனவரில ஒராள் அக்கா."

பிள்ளைகளே, வன்னியில் அந்தச் சொல்லை நீங்கள் தினம் கேட்பீர்கள். வீதியோரக் கொட்டகைகளில், போரில் தொலைந்த பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு இருக்கும் தாய்மாரைக் கடந்துதான் வேலைக்குப் போவீர்கள். அவர்களில் ஒருத்தியிடம் போய்க் கேளுங்கள். "காணாமல் போனவன்" என்று தன் பிள்ளையைச் சொல்ல அவளுக்கு எத்தனை வருடம் எடுத்தது என்று கேளுங்கள். அதுவரை "எங்கயோ இருக்கிறான்" என்றுதான் சொல்லியிருப்பாள். இப்போதும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். இந்த ஆளோ ஒரு கிழமையில், ஏழே நாளில், அந்தச் சொல்லுக்கு வந்துவிட்டார். படம் பெரிதாக்கியாகிவிட்டது.

தேநீரைக் குடித்தேன். கோப்பையோடு குசினிக்குப் போனேன்.

மருமகள் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வயது வராது. மெலிந்த, கதை குறைந்த பெண்.

"நான் கழுவிறன், வையுங்கோ அக்கா."

"மாமா எங்க போயிருப்பார் எண்டு நினைக்கிறீர்?"

"எனக்கு ஒண்டும் தெரியாது அக்கா."

நான் அங்கே நின்று சும்மா கதைத்தேன். அரிசி விலை, பிள்ளையின் பள்ளிக்கூடம். அந்த நேரத்துக்குள் வெளியே கேற் பலமுறை திறந்து பூட்டுப்பட்டது. ஆலைக்கு ஆட்கள் வந்து போகும் வீடு. ஆளைத் தேடும் வீட்டில் கேற் சத்தம் கேட்டால் கழுத்து தன்பாட்டில் திரும்பும். அவள் ஒருதரமும் திரும்பவில்லை. கத்தரிக்காயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிலையத்துக்கு வந்து பொறுப்பதிகாரியிடம் சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மிஸ், அந்த நோனா கேற் பார்க்கல்ல. அது நான் நீதவான் ஐயாவுக்குச் சொல்றதா?"

"இல்லை சேர். உங்களுக்குச் சொல்லிறன்."

"சரி. எனக்கு விளங்கினது. இனி நீதவானுக்கு விளங்கிற சாமான் கொண்டு வாங்க."

இதற்காக அவருக்கு என் முதல் நன்றி. சிரித்துவிட்டு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை.

ராசுவின் மனைவி தினமும் நிலைய வாசலுக்கு வந்தாள். கூலி வேலைக்குப் போகிற பெண். சிறைச்சாலையில் அவனைப் பார்த்துவிட்டு, நேரே எங்களிடம் வந்து மதில் ஓரமாக நிற்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். ஒருநாள் நான் போய், "உன்ர மனிசன் செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும், போய்ச் சாப்பிடு" என்று சொன்னேன். ஆறுதல் சொல்கிறேன் என்று நினைப்பு.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒங்களுக்குத் தெரிஞ்சு என்னாங்க பிரயோசனம்? எனக்குந்தான் தெரியும். நா காக்கி சட்ட போடல, நீங்க போட்டுருக்கீங்க."

அவ்வளவுதான். முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு ஆத்திரம் வந்தது, அவள் மேல் இல்லை. அந்தப் பேச்சுக்கும் நன்றி. சீருடை போட்ட காலத்தில் எனக்கு யாரும் அதைவிடச் சரியாக எதையும் சொன்னதில்லை.

அப்போதுதான் மேலிடத்தில் இருந்து செய்தி வந்தது. நாங்கள் வேகமில்லையாம். ராசுவைத் தங்கள் பொறுப்பில் எடுத்து விசாரிக்க வேறொரு குழு வரப்போகிறதாம். பெரியவரை எங்கே போட்டான் என்று அவனிடம் கேட்பார்கள். அவனுக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லும்வரை கேட்பார்கள். அதன் அர்த்தம் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் முடிந்ததும் வருவோம் என்றார்கள். எல்லா நிலையங்களிலும் ஆட்கள் கோயில் கடமைக்குப் போவதால் அதற்குப் பிறகுதான் வசதியாம். அந்தப் பொங்கல்வரைதான் ராசுவுக்கு நேரம் இருந்தது.

அந்த ஆலைக் குடும்பம் வருடாவருடம் வற்றாப்பளை அம்மனிடம் போகும். பேத்தி பிறந்தபோது உயிருக்குப் போராடிய பிள்ளை. அம்மனுக்கு நேர்த்தி வைத்துத்தான் பிழைத்தது என்று மருமகள் ஒவ்வொரு பொங்கலுக்கும் பிள்ளையோடு பாற்செம்பு எடுப்பாள். அது ஊருக்கே தெரியும். நான் பொறுப்பதிகாரியிடம் போனேன்.

"சேர், பொங்கலுக்கு என்னைச் சீருடை இல்லாமல் சீலையோட விடுங்கோ. சனத்துக்குள்ள நிக்கோணும்."

"காரணம் என்ன எழுதுறது?"

"சங்கிலிக் கள்ளர்."

"கள்ளர் பிடிபடல்ல என்றா?"

"அப்ப என்னைப் பிடியுங்கோ."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

வற்றாப்பளைப் பொங்கலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாற்செம்புக்காரர், காவடிக்காரர், பறைச் சத்தம், மணலில் கால் வைக்க முடியாத சூடு, கடல்நீரேரிப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று. முதலாளி தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார். பந்தலில் பெரிய பதாகை. "அப்பா நலமுடன் வீடு திரும்ப வேண்டி." நான் அந்தப் பந்தலில் தண்ணீர் குடிக்கவில்லை. தாகத்தோடு நின்றேன்.

மருமகளைத் தேடிப் பிடிக்க நேரமெடுத்தது. அவள் கோயிலுக்குள் இல்லை. வீதிக்கு அந்தப் பக்கம், கடைகளும் முடிகிற இடத்தில், ஒரு வேப்பமரத்துக்குக் கீழே நின்றாள். கைப்பிடியில் பிள்ளை. பிள்ளைக்குப் பட்டுப் பாவாடை, தலை நிறையப் பூ. பிள்ளை அழுதுகொண்டு நின்றது.

முதலாளி அவள் முன்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு கதைத்தார். நான் கச்சான் கடலை விற்கிறவளுக்குப் பின்னால் குந்தினேன்.

"உள்ள வா. சனம் பாக்குது."

"நான் வரமாட்டன்."

"சரி, உனக்குச் சுகமில்லை எண்டு சொல்லிறன். பிள்ளையை விடு, நான் கூட்டிக்கொண்டு போறன்."

"பிள்ளையும் வராது."

"உனக்கென்ன விசரே?"

"ஓம். விசர்தான். நீங்கள் போங்கோ. உங்களுக்குப் பயமில்லாட்டிப் போங்கோ."

அவர் போய்விட்டார். ஆட்கள் கும்பிட்டுக் கதைக்க, சிரித்துக்கொண்டு போனார்.

இந்த இடத்தில் ஓர் ஆண் உத்தியோகத்தர் இருந்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஒரு பெண் கோயில் வாசலில் நின்றுகொண்டு உள்ளே போகாவிட்டால் ஆம்பிளைகள் ஒரு காரணம்தான் நினைப்பார்கள். கேட்கவும் கூச்சப்படுவார்கள். நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன், மாதத் துடக்கு, அதாவது தீட்டு, என்று. பிறகு பிள்ளையைப் பார்த்தேன். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளை. தாயின் துடக்கு பிள்ளைக்கு இல்லை. தகப்பன் தூக்கிக்கொண்டு உள்ளே போகலாம். அப்படியிருக்க, தாய் பிள்ளையையும் ஏன் மறிக்கிறாள்?

பிள்ளைப்பேறு இல்லாத வீட்டில் தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்து வருகிற துடக்கு ஒன்றுதான். தகப்பன் வழியில் ஒரு சாவு. முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி முடியும்வரை அந்த வீட்டார் ஒருவரும் கோயில் எல்லைக்குள் கால் வைக்கமாட்டார்கள்.

நான் கச்சான்காரிக்குப் பின்னால் இருந்து எழும்பினேன்.

இனி நான் சொல்லப் போவதைக் கவனமாகக் கேளுங்கள். உங்கள் கை தன்பாட்டில் அடையாள அட்டைக்குப் போகும். விடாதீர்கள். அட்டையைக் காட்டி "பொலிஸ், உண்மையைச் சொல்லு" என்றால் அவள் ஒரு முறைப்பாட்டுக்காரரின் மனைவி ஆகிவிடுவாள். சட்டத்தரணி வருவார். அதோடு எல்லாம் முடிந்தது. நான் கச்சான் ஒரு கடதாசிச் சரை வாங்கினேன். மரத்தடிக்குப் போய்ப் பிள்ளையின் கையில் கொடுத்தேன். அவள் பக்கத்தில் மணலில் இருந்தேன். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"பிள்ளைக்கு என்ன துடக்கு, தங்கச்சி?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சீலையில் இருந்தாலும் அடையாளம் கண்டுவிட்டாள்.

"நீங்கள் பொலிஸ்."

"ஓம்."

"அப்ப என்னட்டக் கேக்காதேங்கோ அக்கா."

"சரி. கேக்கேல்லை."

நான் கேட்கவில்லை. எனக்கு வாய் பூட்டி இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று என்னோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். பிள்ளை கச்சான் உடைத்துத் தாயின் கையில் ஒன்று, என் கையில் ஒன்று என்று வைத்தது. பறைச் சத்தம் கிட்ட வந்து தூரப் போனது. எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியாது.

அவளாகத்தான் வாய் திறந்தாள். "ராசு அண்ணை ஒழுங்காச் சாப்பிடுறாரோ?"

"மனிசி கொண்டுபோய்க் குடுக்கிறாள். பாதியைத் திருப்பி அனுப்புறான்."

அவள் முகத்தைச் சீலையால் மூடினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. சீலைக்குள் இருந்தே சொன்னாள்:

"மாமாவை எரிக்கேல்லை அக்கா. தாட்டுப்போட்டார். ஒரு தேவாரம் படிக்கேல்லை. வாய்க்கரிசி போடேல்லை. நாயைப் புதைக்கிற மாதிரித் தாட்டுப்போட்டு வந்து, என்னைக் கறி வைக்கச் சொன்னவர்."

பிறகு எல்லாம் வந்தது. பெரியவர் அன்று மத்தியானம் வீட்டுக்குள் வந்திருக்கிறார், ராசு சொன்ன மாதிரியே. ஆலையை மகன் கொழும்பு ஆட்களுக்கு விற்கப் பேசியது தோட்டத்தில் வைத்து யாரோ சொல்லி அவருக்குத் தெரியவந்திருக்கிறது. தன் பெயரில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை, அற்றோணித் தத்துவம் என்பார்கள், அவர் முன்பே மகனுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அதை நாளைக்கே இல்லாமல் பண்ணுகிறேன் என்று சத்தம் போட்டிருக்கிறார். சத்தம் போட்டபடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று இவள் கத்த, மகன் போனைப் பறித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது.

அற்றோணி தகப்பன் உயிரோடு இருக்கும்வரைதான் செல்லும். செத்தால் ஆலை கனடா மகள்மாருக்கும் பங்கு. காணாமல் போனவர் சட்டப்படி உயிரோடு இருக்கிறவர். விற்பனை எழுதி முடியும்வரை அப்பா சாகக்கூடாது. அதனால் கனகராயன்குளத்துத் தோட்டத்தில் தேக்குகளுக்குள் குழி. அதனால் சேவிசில் இருந்து வந்த வானுக்குள் கண்ணாடி. அதனால் ராசு.

பொலிசுக்குப் பொய் சொல்ல முதலாளிக்குப் பயமில்லை. நீதவானுக்கும் பயமில்லை. அவளையும் பயப்படுத்தித் தலையாட்ட வைத்தாகிவிட்டது. ஆனால் துடக்கோடு பிள்ளையை அம்மன் வாசலுக்குள் விட அவளால் முடியவில்லை. அந்த அம்மன்தான் பிள்ளையைத் தந்தவள்.

இப்போது நான் என்ன செய்ய? அவளை வீட்டுக்கு விட்டால் விடிய வேறு கதை சொல்வாள், அல்லது கதை சொல்ல முடியாத நிலையில் இருப்பாள். ஜீப்பைக் கூப்பிட்டு ஏற்றினால் ஆயிரம் பேர் பார்ப்பார்கள். முதலாளி ஓடிவருவார். நான் அவளை வற்புறுத்தினேன் என்று சட்டத்தரணி சொல்வார். நான் அவளிடமே கேட்டேன்.

"தங்கச்சி, இப்ப என்னோட வந்து இதை எழுத்தில தருவீரோ, இல்லாட்டி வீட்ட போவீரோ? வீட்ட போறது எண்டாலும் நான் உமக்குக் காவலா நிப்பன். நீர்தான் சொல்லோணும்."

அவள் கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பினாள். எழும்பினாள். சீலையில் மண்ணைத் தட்டினாள்.

"உங்கட வாகனம் எங்க?"

என் வாகனம் பழைய ஸ்கூட்டர். பிள்ளையை முன்னால் நிறுத்தி, அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நிலையத்துக்குப் புறப்பட்டேன். ஒரு சந்தியில் போக்குவரத்துப் பொலிஸ் பொடியன் ஒருவன் கை காட்டி மறித்தான். புதிது. என்னைத் தெரியாது.

"அம்மா, மூண்டு பேர். ஹெல்மெட்டும் இல்லை. இறங்குங்கோ."

"தம்பி, நானும் பொலிஸ்தான்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லிறவை. அட்டையைக் காட்டுங்கோ."

அட்டை சீலைக்குள் எங்கேயோ. நான் அவனுக்கு எங்கள் பாட்டன் பூட்டன் காலத்துத் திட்டெல்லாம் திட்டினேன். பின்னால் இருந்த மருமகள் முதல் தரம் சிரித்தாள். பொடியன் சொன்னது சரிதான். பிறகு போய் அபராதத்தைக் கட்டினேன். அவனுக்கும் நன்றி. அவன் மறித்த அந்த இடத்தில்தான் அவளுக்குப் பயம் விட்டுப்போனது.

வாக்குமூலம் எழுதினோம். நீதவான் உத்தரவு தந்தார். தேக்குகளுக்குள் தோண்டினோம். அதை எழுதமாட்டேன். சட்ட வைத்திய அதிகாரி மாரடைப்பு என்றார். முதலாளியைக் கைது செய்தோம். வரவிருந்த குழு வரவே இல்லை.

ஆனால் மேலிடத்தில் இருந்து கேள்வி வந்தது. யார் சொல்லி அந்தப் பெண்ணைக் கணவன் அனுமதி இல்லாமல், சாதாரண உடுப்பில், ஸ்கூட்டரில் கூட்டிவந்தது? பொறுப்பதிகாரி போனில் சிங்களத்தில் சொன்னார், எனக்குக் கேட்கும்படி: நான் அனுப்பினேன். அவர் அனுப்பவில்லை. சங்கிலிக் கள்ளர் பிடிக்கத்தான் அனுப்பினார். அந்தப் பொய்க்காக அவரைத் தூரத்துக்கு மாற்றினார்கள். போகும்போது என்னிடம், "மிஸ், நீங்கள் இன்னும் கள்ளர் பிடிக்கல்ல" என்றார். அவரின் பெட்டியைத் தூக்கி ஜீப்பில் வைத்தேன். என்னைத் திட்டித் திட்டியே காப்பாற்றிய மனிதர்.

ராசுவை விடுதலை செய்த அன்றுதான் பெரியவரின் தகனம். நீதவான் மகனைப் பொலிஸ் காவலில் கொள்ளி வைக்க அனுமதித்திருந்தார். காவல் பொறுப்பு எனக்கு. சொந்தக்காரர் பலர் வரவில்லை. வந்தவர்களும் தள்ளித் தள்ளி நின்றார்கள். பெட்டி தூக்க ஒரு தோள் குறைந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க, ராசு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தோள் கொடுத்தான். சிறையில் இருந்து நேரே வந்திருந்தான். அவன் மனைவி கேற்றடியில் நின்றாள். முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. அவனை விட்டுவிட்டு எங்கேயும் போகமாட்டேன் என்று சொல்லும் பார்வை மட்டும்.

சுடலையில் மகனின் கையில் விலங்கு. விலங்கோடு கொள்ளிக்குடம் தூக்க முடியாது. அதன் திறப்பு, சாவி, என்னிடம். கழற்றி அவர் ஓடினால் என் ஓய்வூதியமும் அவரோடு ஓடும். கேட்க மேலே ஒருவரும் இல்லை. கேட்டாலும் "கழற்றாதே" என்றுதான் சொல்வார்கள். இவருக்காக நான் கழற்றவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கிழவனை இரண்டு தரம் கேவலப்படுத்த முடியாது. கழற்றினேன்.

அவர் குடத்தைத் தூக்கி வலம் வந்தார். குடத்தில் துளை போட, தண்ணீர் தோளெல்லாம் ஊற்றியது. கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தார். தலையும் சட்டையில்லாத உடம்பும் நனைந்து, முகம் செத்த மாதிரி. என் முன்னால் வந்து விலங்குக்கு இரண்டு கையையும் நீட்டினார்.

"அக்கா, ராசுவிட்ட ஒண்டு சொல்லோணும்."

"நான் தபால்காரி இல்லை. அந்தா நிக்கிறான். நீரே போய்ச் சொல்லும்."

போனார். ராசுவுக்கு முன்னால் நின்றார். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. ராசுவின் மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ராசு அவரைப் பார்த்தான். பிறகு தன் தோளில் கிடந்த துவாயை எடுத்து நீட்டினான்.

"தலைய தொவட்டுங்க மொதலாளி, சளி புடிச்சிரும். கோர்ட்டுல நா சொல்ல வேண்டியத சொல்லத்தான் செய்வேன். அது வேற."

அவர் துவாயை வாங்கினார். மெதுவாகத் துவட்டினார். முகத்தை மூடிக்கொண்டு நெடுநேரம் துவட்டினார். ஜீப்காரன் ஹோர்ன் அடித்தான். சும்மா இரு என்று அவனுக்குக் கத்திவிட்டு, அவர் துவட்டி முடியும்வரை விலங்கைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன்.